குன்னூர் மூடுபனியில் ஒரு சர்வர் அறை: எஃப்எம் 200 அமைப்புடன் ஆறு ஆண்டுகள்

குன்னூரில் தேயிலை வணிகம் செய்யும் எங்கள் அலுவலகத்தின் சர்வர் அறையில், எஃப்எம் 200 வாயுவைக் கொண்ட தீயணைப்பு அமைப்பை நிறுவி ஆறு ஆண்டுகள் நிறைவடைந்துவிட்டன. இதுவரை வாயு ஒருமுறைகூட வெளிப்பட நேரவில்லை. எனவே நான் இங்கே எழுதுவதெல்லாம், மலையில் இதைப் பராமரித்துக் கற்றுக்கொண்டவை மட்டுமே.

எங்களுக்கு முதல் சிக்கல் சன்னலிலிருந்து வந்தது. வெளியே இவ்வளவு குளிர் இருக்கும்போது ஏசி எதற்கு என்று எண்ணி, இரவில் சன்னலைத் திறந்து வைப்பது எங்களிடம் வழக்கமாக இருந்தது. ஐப்பசி மாதத்து மூடுபனி அதன் வழியே நுழைந்ததும், நுண்துளிகளில் சிதறிய ஒளியைப் புகையென்று கொண்டு ஸ்மோக் டிடெக்டர் அலாரம் எழுப்பியது. இரண்டு வெவ்வேறு மின்சுற்றுகளைச் சேர்ந்த டிடெக்டர்கள் உறுதிசெய்தால்தான் வாயு திறக்கும்படி கட்டுப்பாட்டு பேனல் அமைக்கப்பட்டிருந்ததால், அன்று சிலிண்டர் காலியாகாமல் தப்பியது. மறு மாதமே இரண்டு சன்னல்களையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டோம்.

அதற்குப் பின்னும் அறை இறுக்கமாக இல்லை என்பது, வாசலில் விசிறியைப் பொருத்திக் காற்றுக் கசிவை அளக்கும் சோதனையில்தான் தெரிந்தது. எஃப்எம் 200 சிலிண்டரிலிருந்து சுமார் 10 விநாடிகளில் அறைக்குள் வெளியேறிவிடும். ஆனால் தீ மீண்டும் பற்றாதிருக்க, தீயை அணைக்கப் போதுமான வாயுச் செறிவு பொதுவாக 10 நிமிடங்களாவது அறையில் நிற்க வேண்டும். எங்கள் அறையில் 4 நிமிடங்கள்கூட நிற்காது என்று கணக்கு வந்தது. ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்து, சுவரோரம் கையைக் கொண்டுபோனபோது, ஓரிடத்தில் விரல்களில் சில்லென்று காற்று பட்டது. இணைய இணைப்பு கொடுக்க வந்தவர்கள் கேபிளுக்காகச் சுவரில் துளையிட்டு, அதை அடைக்காமலேயே போயிருந்தார்கள். வேலை முடிந்த அன்றே நான் மேலே ஏறிப் பார்த்திருக்க வேண்டும். தீத்தடுப்புப் பூச்சால் அடைத்த பிறகே மறு சோதனையில் தேறினோம். இப்போது யார் புதிய கேபிள் இழுத்தாலும், துளையை அடைத்ததை நான் நேரில் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை.

மார்கழி விடியலில் சிலிண்டரின் கேஜ் முள் கீழே இறங்கியிருப்பதைக் கண்டு பதற வேண்டியதில்லை. அழுத்தம் வெப்பநிலையோடு குறையும் என்பதால், தயாரிப்பாளர் தரும் அட்டவணையில் அன்றைய வெப்பநிலைக்கு நேரே உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். எடையையும் போட்டுப் பார்ப்பது இன்னும் நம்பகமானது; 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால் மீண்டும் நிரப்பியாக வேண்டும்.

யூபிஎஸ்ஸுக்கு லித்தியம் பேட்டரி வாங்கும் பேச்சு எழுந்தபோது நான் உறுதியாக மறுத்தேன். 2022 அக்டோபரில் தென்கொரியாவின் பாங்யோவில் பேட்டரி அறையில் பற்றிய தீ, அந்நாட்டின் மெசேஜிங் நிறுவனமான ககாவோவின் சேவைகளை முடக்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். லித்தியம் பேட்டரி உள்ளுக்குள்ளேயே சூடேறிச் சங்கிலித்தொடராக எரியத் தொடங்கினால், வாயு சுடரை அடக்கினாலும் அந்த வெப்பத்தைத் தணிக்காது. அதற்குத் தண்ணீர்தான் வேண்டும். எங்கள் ஈய அமில பேட்டரிகளையும் சர்வர் அறையிலிருந்து வெளியேற்றி, காற்றோட்டமுள்ள பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டோம்.