நொடி முள் திக்குகிறதா? வாட்சைப் பழுது பார்க்கக் கொடுப்பதற்கு முன் படியுங்கள்

பத்து வருடமாக நான் கட்டிக்கொண்டிருக்கும் ஆட்டோமேட்டிக் வாட்சின் (செல் இல்லாமல், கை அசைவிலேயே சாவி ஏறும் ரகம்) நொடி முள் சில மாதங்களுக்கு முன் திக்க ஆரம்பித்தது. சீராகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று ஒரு கணம் நிற்கும், அப்புறம் ஒரு எட்டு தாவி விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கையை வேகமாக அசைத்தால் இது இன்னும் கூடும். நேரம் மட்டும் சரியாகவே காட்டியது, ஒரு நாளைக்குப் பத்து நொடி முன்னே போகும், அவ்வளவுதான். அந்தப் பத்து நொடிதான் முக்கியமான துப்பு என்று எனக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஏமாந்திருக்க மாட்டேன்.

பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். வாட்சைக் கையில் வாங்கி முள்ளைச் சில நொடி பார்த்தார், பின்மூடியைத் திறக்கவே இல்லை. "மெயின் ஸ்பிரிங் போயிருச்சு சார். பாலன்ஸும் அடி வாங்கியிருக்கு. ரெண்டையும் மாத்தி முழு சர்வீஸ் பண்ணாத்தான் ஓடும்" என்றார். வாட்சை ஓட்டும் விசையைச் சேமித்து வைக்கும் சுருள் ஸ்பிரிங்தான் மெயின் ஸ்பிரிங், முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம்தான் பாலன்ஸ். மூடியைத் திறக்காமல் பாலன்ஸ் அடிபட்டது எப்படித் தெரிந்தது என்று கேட்டிருக்க வேண்டும். பிடித்த பொருள் கெட்டுவிட்டது என்ற பதற்றத்தில் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து வாட்ச் வந்தது. திக்கல் நின்றிருந்தது, மனம் நிறைந்து போனேன். மறுநாள் காலை எழுந்து பார்த்தால் வாட்ச் நின்று கிடந்தது. முழுதாகச் சாவி கொடுத்தால் 40 மணி நேரமாவது ஓடவேண்டிய வாட்ச், ஓர் இரவைத் தாண்டவில்லை. ஓடுகிற நேரத்திலும் ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் பின்தங்கியது. திரும்பக் கொண்டுபோனதற்கு, "புது ஸ்பிரிங் செட் ஆகக் கொஞ்ச நாள் பிடிக்கும்" என்றார். அப்படி எதுவும் கிடையாது. புது மெயின் ஸ்பிரிங் போட்ட வாட்ச் முதல் நாளிலிருந்தே ஒழுங்காக ஓட வேண்டும். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டேன், தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

இரண்டாவதாகப் பார்த்தவர் வயதானவர். அவர் செய்த முதல் காரியம் பின்மூடியைத் திறந்து கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு நீண்ட நேரம் பார்த்ததுதான். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். திருகுகளின் தலை வழுக்கிச் சிதைந்திருந்தது. சக்கரங்களின் அச்சைத் தாங்கும் சிவப்புக் கற்களைச் சுற்றிப் பழைய ஆயில் காய்ந்து பழுப்பாக ஒட்டியிருந்தது. "தம்பி, இந்த வாட்சை யாரும் பிரிச்சுக் கழுவவே இல்லை" என்றார். சர்வீஸ் தேவைப்பட்டது உண்மைதான். பத்து வருடம் ஆயில் மாற்றாமல் ஓட்டியது என் தவறு. அந்த வேலைக்காகத்தான் நான் பணம் கொடுத்திருந்தேன், அது நடக்கவே இல்லை.

அப்படியென்றால் திக்கல் எப்படி நின்றது? அதை அவர் பொறுமையாக விளக்கினார். இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெயின் ஸ்பிரிங்கின் விசை பல்சக்கரம் பல்சக்கரமாகக் கடந்து கடைசியில் பாலன்ஸ் சக்கரத்தை ஆட்டுகிறது. அந்த வரிசையில் நான்காம் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றும். பல வாட்சுகளில் இந்தச் சக்கரம் நட்ட நடுவில் இருக்கும், அதன் அச்சிலேயே நொடி முள்ளைச் செருகியிருப்பார்கள். விசை எப்போதும் அதன் வழியாகப் பாய்வதால் பற்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டே இருக்கும், முள் ஆடாது. வேறு சில வாட்சுகளில் நான்காம் சக்கரம் ஓரமாக இருக்கும். அங்கே முள்ளுக்கென்று நடுவில் தனியாக ஒரு குட்டிப் பல்சக்கரம் வைத்து, ஓடுகிற சக்கரங்களில் ஒன்றிலிருந்து அதைச் சுற்ற வைப்பார்கள். முள்ளைச் சுமப்பதைத் தவிர அதற்கு வேறு வேலையில்லை. பற்கள் சிக்காமல் சுழல அவற்றுக்கிடையே மயிரிழை இடைவெளி இருந்தே தீர வேண்டும். சுமையில்லாத சக்கரம் அந்த இடைவெளிக்குள் முன்னும் பின்னும் தத்தளிக்கும். அந்தத் தத்தளிப்பைத்தான் நாம் திக்கலாகப் பார்க்கிறோம். இதை அடக்க, மெல்லிய தகடு ஸ்பிரிங் ஒன்று அந்தக் குட்டிச் சக்கரத்தை லேசாக அழுத்திக்கொண்டிருக்கும். என் வாட்சுக்குள் இருப்பது மியோட்டா 8215 என்ற ஜப்பானிய இயந்திரம். இந்த ரகத்தில் அப்படிப்பட்ட அமைப்புதான், எப்போதாவது முள் திக்குவது இதற்குப் புதிதல்ல. அதே நிறுவனத்தின் 9015 என்ற இயந்திரத்தில் நொடி முள் நேரடியாக ஓடும், அதில் இந்தத் தொல்லை கிடையாது.

முதல் ஆள் செய்தது ஒன்றே ஒன்று. அந்தத் தகடு ஸ்பிரிங்கை வளைத்து, கீழே அழுந்தும்படி விட்டிருக்கிறார். முள் அடங்கிவிட்டது. ஆனால் அந்த அழுத்தம் ஓடிக்கொண்டே இருக்கும் பிரேக் மாதிரி, மெயின் ஸ்பிரிங்கின் விசையை அதுவே தின்றுவிடுகிறது. பெரியவர் வாட்சை டைம்கிராஃபரில் வைத்துக் காட்டினார். அது வாட்சின் டிக் டிக் ஓசையைக் கேட்டுக் கணக்குப் போடும் கருவி. முழுச் சாவியில் டயல் மேலே பார்த்தபடி வைத்தால் பாலன்ஸ் 250 டிகிரிக்கு மேல் வீச வேண்டும். என்னுடையது 180 காட்டியது. அவர் ஸ்பிரிங்கை நிமிர்த்தி, முழுதாகப் பிரித்துக் கழுவி, புது ஆயில் போட்ட பிறகு 265. மெயின் ஸ்பிரிங்கும் பாலன்ஸும் பழையவைதான், இரண்டுக்கும் ஒரு குறையும் இல்லை.

அதனால் உங்கள் முள் திக்கினால், யாரிடமும் கொடுப்பதற்கு முன் வாட்சைக் காதில் வைத்துக் கேளுங்கள். முள் நிற்கும் கணத்தில் டிக் ஓசை தடையில்லாமல் தொடர்ந்தால் முள் மட்டும்தான் திக்குகிறது, வாட்ச் ஓடிக்கொண்டிருக்கிறது. பிறகு 24 மணி நேரம் நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை நொடி கூடியது, குறைந்தது என்று எழுதி வையுங்கள். நேரம் வழக்கம்போல இருந்தால் மெயின் ஸ்பிரிங், பாலன்ஸ் என்று யார் பயமுறுத்தினாலும் வாட்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஓசையும் சேர்ந்து தடுமாறினாலோ நேரம் பின்தங்கினாலோ கதை வேறு. அப்போது காய்ந்த ஆயில், பற்களுக்கிடையே சிக்கிய தூசு, தேய்ந்த பல் என்று எதுவாகவும் இருக்கலாம், உண்மையிலேயே திறந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் முள் தயங்கினால் அது கண்ணாடியிலோ வேறொரு முள்ளிலோ உரசுகிறதா என்று முதலில் பாருங்கள். நிமிடக்கணக்கில் முன்னே ஓடினால் காந்தம் ஏறியிருக்கலாம். காந்தத்தை எடுப்பது சில நொடி வேலை, அதற்கு முழு சர்வீஸ் கேட்பவரை நம்பாதீர்கள். செல் போடும் குவார்ட்ஸ் வாட்சில் முள் இரண்டிரண்டு நொடியாகத் தாவினால் பெரும்பாலும் செல் தீரப்போகிறது என்ற அறிவிப்புதான் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெக்கானிக்கல் வாட்சின் நொடி முள் வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரிந்தாலும் சின்னச் சின்னத் தாவல்களாகத்தான் நகர்கிறது. என்னுடையது மணிக்கு 21,600 டிக், அதாவது நொடிக்கு ஆறு தாவல். உற்றுப் பார்த்துவிட்டு இதையே பழுது என்று நினைத்துக் கொண்டுபோகிறவர்களும் உண்டு.

கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், மூடியைத் திறந்து காட்டிவிட்டுப் பேசச் சொல்லுங்கள். டைம்கிராஃபர் திரையை வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். நான் வெறும் தொகை மட்டும் எழுதிய சீட்டை வாங்கி வந்தேன். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது என் பக்கம் காட்ட ஒன்றும் இல்லை, ஒரு பைசா வரவில்லை.

வாட்ச் இப்போது ஒரு நாளைக்கு எட்டு நொடி முன்னே போகிறது, சாவி தீரும்வரை நிற்காமல் ஓடுகிறது. பெரியவர் அந்தத் தகடு ஸ்பிரிங்கை வேண்டுமென்றே லேசாகத்தான் வைத்திருக்கிறார். முள் எப்போதாவது பன்னிரண்டைத் தாண்டும்போது ஒரு கணம் தயங்கிவிட்டுப் போகும். "அது தயங்கட்டும், தொடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார்.