ஒளித்து வைத்ததைத் தேட எது நல்ல வழி: கண்ணா, கருவியா, மேப்பா, கைடா?

ரோல் பிளேயிங் கேம் ஒன்றைப் பாதி தூரம் விளையாடிய எல்லோருக்கும் இந்தக் கேள்வி வந்தே தீரும். கதை ஒரு பக்கம் ஓடுகிறது. இன்னொரு பக்கம் விதை, கல், பொம்மை, சீட்டு என்று உலகம் முழுக்க எதையாவது ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதையெல்லாம் நாமே தேடுவதா, கேமுக்குள்ளேயே கிடைக்கும் கருவியை நம்புவதா, பொருட்களின் இடங்களைக் குறித்து வைத்து, எடுத்ததை டிக் அடிக்கவும் விடும் இணையத்து இன்டராக்டிவ் மேப்பைத் திறப்பதா, இல்லை ஒரு கைடைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் போவதா?

கைடு பார்த்து விளையாடுவது விளையாட்டே இல்லை என்பவர்கள் உண்டு. இருக்கிற நேரத்தில் பார்த்து முடித்துவிட வேண்டியதுதானே என்பவர்களும் உண்டு. இருவருமே விளையாடுபவரை மட்டும் பார்த்துப் பேசுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஒளித்து வைத்த விதத்தை. சில கேம்கள் நாம் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசையோடு ஒளிக்கின்றன. சில கேம்கள் எங்கேயோ ஒரு மூலையில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகின்றன. முதல் வகைக்குச் சரியாக வரும் வழி இரண்டாவது வகையில் நம் பொழுதைத் தின்றுவிடும்.

முதல் வகைக்கு 2017-இல் வந்த செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட் கேமைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதில் 900 கொரோக் விதைகள். ஒரு பாறை ஓரமாக நடந்து போகிறீர்கள். வரிசையாகச் சில கற்சிலைகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கிண்ணம். மற்ற கிண்ணங்களில் ஆப்பிள் இருக்கிறது, ஒன்று மட்டும் காலி. அம்புக்குறி இல்லை, ஒளிவட்டம் இல்லை, யாரும் வந்து எதுவும் சொல்வதில்லை. பையில் இருக்கும் ஓர் ஆப்பிளை எடுத்துக் காலிக் கிண்ணத்தில் வைத்தால், "யாஹாஹா!" என்று கத்திக்கொண்டு இலை முகத்தோடு ஒரு குட்டி உருவம் குதித்து வந்து ஒரு விதையைத் தருகிறது. அதுதான் கொரோக். அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் எந்தச் சிலையைப் பார்த்தாலும் கண் கிண்ணத்தைத் தேடும். வட்டமாக அடுக்கிய கற்களில் ஒன்று மட்டும் குறைவது, மலை உச்சியில் தனியாகக் கிடக்கும் ஒரு கல், குளத்து நடுவில் வளையமாக மிதக்கும் இலைகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை இருக்கிறது. அந்த முறை பிடிபட்டுவிட்டால் உலகமே பேச ஆரம்பித்துவிடும். தூரத்து மலையைப் பார்த்ததுமே 'அந்த உச்சியில் எதுவும் வைக்காமலா விட்டிருப்பார்கள்' என்று தோன்றும். போனால் பெரும்பாலும் இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஆயுதம், வில், கேடயம் வைக்கும் இடங்களை முழுவதும் பெரிதாக்க 441 விதைகள் போதும். அதாவது பாதிக்கும் குறைவு. மீதியெல்லாம் நீங்கள் எந்தத் திசையில் போனாலும் வழியில் ஏதாவது ஒன்று தட்டுப்பட வேண்டும் என்பதற்காகவே இருக்கின்றன. இப்படி ஒளித்திருக்கும் கேமில் முதல் நாளே இன்டராக்டிவ் மேப்பைத் திறப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனசு கேட்பதில்லை. அவர்களுக்குக் கிடைப்பது விதை மட்டும்தான்.

எல்டன் ரிங்கும் (2022) கண்ணை நம்பச் சொல்லும் கேம்தான், ஆனால் கண்டிப்பானது. மருந்துக் குடுவையின் எண்ணிக்கையைக் கூட்டும் பொன் விதை, தங்கமாக மினுங்கும் ஒரு சின்ன மரக்கன்றின் அடியில் கிடக்கும். ஒன்றைப் பார்த்துவிட்டால் அடுத்ததைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். குடுவையின் வலுவைக் கூட்டும் கண்ணீர்த் துளிக்கு இடிந்த தேவாலயங்களுக்குப் போக வேண்டும். அந்தக் கட்டடங்கள் கேமின் மேப்பிலேயே ஓவியம்போல வரையப்பட்டிருக்கின்றன. மேப்புத் துண்டு இன்னும் கிடைக்காத பகுதியில்கூட, அந்தத் துண்டு இருக்கும் கல்தூண் சின்னக் குறியாக மங்கலாகத் தெரியும். உற்றுப் பார்ப்பவருக்கு வேண்டியது எல்லாம் திரையிலேயே இருக்கிறது. மற்ற ஆட்டக்காரர்கள் தரையில் எழுதிவிட்டுப் போகும் குறிப்புகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் வெறும் சுவருக்கு முன்னால் 'இங்கே ரகசிய வழி' என்று எழுதி ஏமாற்றுபவர்களும் அதில் நிறைய, அதனால் நான் அவற்றைப் பெரிதாக நம்புவதில்லை.

இப்போது எதிர்ப்பக்கம். ஸ்கைரிம் (2011) கேமில் பாரன்சியாவின் கற்கள் என்று 24 ரத்தினங்கள். ஒன்று வைட்ரன் கோட்டையில் யார்லின், அதாவது அந்த ஊர்த் தலைவரின், படுக்கையறையில் இருக்கிறது. இன்னொன்று சாலிட்யூடில், நாம் விலை கொடுத்து வாங்கக்கூடிய ஒரு மாளிகைக்குள். மற்றவை குகை, கல்லறை, கூட்டங்களின் தலைமையகம் என்று சிதறிக் கிடக்கின்றன. ஒரு கல்லைக் கண்டுபிடித்ததால் அடுத்த கல்லைப் பற்றி எதுவும் தெரிவதில்லை. குவெஸ்ட் (கேம் தரும் பணி) பட்டியலில் எண்ணிக்கை ஏறும், எங்கே போக வேண்டும் என்று மேப்பில் குறி எதுவும் வராது. பழகிய கண்ணுக்கும் புதுக் கண்ணுக்கும் இங்கே வித்தியாசமே கிடையாது. இத்தனைக்கும் அந்த உலகத்தில் தற்செயலாக நுழையும் குகைகள் எல்லாம் அற்புதமானவை. ஆனால் 'கல் இருக்குமோ' என்று ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு அலமாரியாகத் துழாவ ஆரம்பித்தால் அந்தக் குகைகள் மேல் இருக்கும் ஆசையே போய்விடும். இந்தக் குவெஸ்டுக்கு மேப்பையோ கைடையோ திறப்பதில் எந்தத் தயக்கமும் தேவையில்லை என்பது என் முடிவு.

அடுத்து, கேமே கையில் கொடுக்கும் கருவிகள். இதன் மூதாதை 1996-இல் வந்த முதல் போக்கிமான் கேம்களிலேயே இருக்கிறது. 30 வகை போக்கிமான்களைப் பிடித்துவிட்டு 11-ஆம் ரூட்டில் இருக்கும் பேராசிரியர் ஓக்கின் உதவியாளரிடம் போனால் ஐட்டம்ஃபைண்டர் தருவார். அது பக்கத்தில் மறைபொருள் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். எந்த இடம், எந்தத் திசை என்று சொல்லாது. மிச்சத்தை நாம்தான் கட்டம் கட்டமாக நடந்து பட்டனைத் தட்டிப் பார்க்க வேண்டும். பின்னால் வந்த பதிப்புகளில் திசையும் காட்ட ஆரம்பித்தது. ஒரு கருவி எவ்வளவு சொல்ல வேண்டும், எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்ற பிரச்சினை அன்றே தொடங்கிவிட்டது.

என்னைக் கேட்டால் நல்ல கருவிக்கும் மோசமான கருவிக்கும் ஒரே சோதனை போதும்: அதைப் பயன்படுத்தும்போது நம் கண் எங்கே இருக்கிறது? கோஸ்ட் ஆஃப் சுஷிமா (2020) ஆக்‌ஷன் பக்கம் சாய்ந்த கேம் என்றாலும் இந்த விஷயத்தில் எல்லோருக்கும் வாத்தியார். வேண்டிய பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கன்ட்ரோலரின் டச்பேடில் விரலை மேலே இழுத்தால், அந்தத் திசையில் காற்று வீசும். புல் சாயும், இலை பறக்கும். திரை ஓரத்தில் மினிமேப்பே கிடையாது. வழியைக் காட்டுவது நிலமேதான், அதனால் நாமும் நிலத்தையே பார்த்துக்கொண்டு போகிறோம். பிரெத் ஆஃப் தி வைல்ட் கேமின் டிஎல்சியில், அதாவது தனியாக வாங்கும் கூடுதல் பகுதியில், கிடைக்கும் கொரோக் முகமூடியும் இந்தச் சோதனையில் தேறும். பக்கத்தில் கொரோக் இருந்தால் முகமூடி குலுங்கும், எங்கே என்று நாம்தான் சுற்றிப் பார்க்க வேண்டும். கென்ஷின் இம்பாக்டில் (2020) அப்படி இல்லை. ஆக்குலஸ் என்ற, தேடிச் சேர்க்க வேண்டிய பொருள் கிட்டே வந்ததும் மினிமேப்பில் குறி தோன்றும். அப்புறம் எதிரில் இருக்கும் அழகான பள்ளத்தாக்கை விட்டுவிட்டு மூலையில் இருக்கும் சின்ன வட்டத்தையே வெறித்துக்கொண்டு ஓடுவோம். வேகத்தில் அது ஜெயிக்கும், பயணத்தில் தோற்கும்.

கேள்விக்குறிகளை வாரி இறைக்கும் கேம்களைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. விட்சர் 3 கேமின் (2015) ஸ்கெலிகா கடலில் படகை ஓட்டிக்கொண்டு மிதக்கும் கடத்தல் சரக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கியவர்களுக்குத் தெரியும், அவ்வளவு அருமையான கேமில் அது எவ்வளவு சலிப்பான வேலை என்று. 2022 கடைசியில் வந்த பெரிய அப்டேட்டில் அந்தக் கேள்விக்குறிகளையும் படகுக் குறிகளையும் மறைக்கும் ஃபில்டரையே மேப்பின் இயல்பான நிலையாக வைத்துவிட்டார்கள். சரியான முடிவு.

நடுவழி ஒன்று ஹொரைசன் ஜீரோ டானில் (2017) இருக்கிறது, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். உலோகப் பூக்கள், பழைய பாத்திரங்கள் போன்றவற்றின் இடங்களைக் காட்டும் மேப்பை வியாபாரிகள் விற்கிறார்கள். வேண்டும் என்றால் கேமுக்குள் சம்பாதித்ததைக் கொடுத்து வாங்கலாம், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். வாங்கினாலும் தோராயமான இடம்தான் தெரியும், கடைசித் தேடல் நம்முடையது. உதவி கேட்பதும் கதையின் ஒரு பகுதியாகிவிடுவதால், கேமை விட்டு வெளியே போன உணர்வே வருவதில்லை.

இணையத்து இன்டராக்டிவ் மேப்பின் உண்மையான பலம் கடைசிக் கட்டத்தில்தான் தெரியும். நூற்றுக்கணக்கில் எடுத்தாயிற்று, இன்னும் கொஞ்சம் பாக்கி, எது பாக்கி என்று தெரியவில்லை. இந்த நிலைமைக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் எடுத்தவற்றை ஆரம்பத்திலிருந்தே டிக் அடித்து வந்திருந்தால்தான் அது முழுப் பலன் தரும். பாதியில் திறந்தால், எதை எடுத்தோம் என்று நினைவிலிருந்து டிக் அடிப்பதற்குள் பொறுமை போய்விடும். இங்கே மறுபடியும் செல்டாவின் கவனிப்பைச் சொல்ல வேண்டும். கண்டுபிடித்த ஒவ்வொரு கொரோக்குக்கும் கேமின் சொந்த மேப்பில் ஒரு குறி விழுந்துவிடும். முழுவதும் பெரிதாக்கி வைத்துக்கொண்டு இணைய மேப்போடு ஒவ்வொரு பகுதியாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். டிஎல்சி வைத்திருப்பவர்களுக்குக் கடைசி 200 மணி நேரம் நடந்த பாதை முழுவதும் கோடாகத் தெரியும். கோடு படாத இடத்துக்குப் போய் நம் கண்ணாலேயே தேடலாம். 'இன்னும் போகாத இடம் இது' என்பது மட்டும் தெரிந்தால் போதும், எதிர்பார்ப்பு கெடாமல் வேலை நடந்துவிடும்.

மேப்பின் பலவீனம் உயரம். மேலிருந்து பார்த்தால் மலை உச்சியும் அதன் அடியில் இருக்கும் குகையும் ஒரே புள்ளி. குறி காட்டும் இடத்தில் நின்றுகொண்டு சுற்றிச் சுற்றி வருவீர்கள், பொருள் காலடியில் இரண்டு அடுக்குக் கீழே இருக்கும், அதற்கான நுழைவாயிலோ மலையின் மறுபக்கத்தில். இந்த மாதிரி இடத்தில் மட்டும் நான் வீடியோவைத் தேடுவேன். எந்தப் பக்கம் ஏறி, எந்தப் பிளவுக்குள் நுழைந்தார்கள் என்று பார்த்த உடனே நிறுத்திவிடலாம். வீடியோவின் ஆபத்து அதைச் சுற்றி இருப்பதில்தான். ஒரு விதையைத் தேடிப் போனால் பக்கத்திலேயே கடைசி பாஸின் (பெரிய எதிரியின்) முகமும் முடிவுக் காட்சியும் பரிந்துரைகளாக வந்து நிற்கும். ஸ்பாய்லருக்குப் பயப்படுபவர்களுக்கு எழுத்தில் இருக்கும் கைடே பாதுகாப்பு.

எழுத்துக் கைடுக்கு இன்னொரு பெரிய உபயோகம் உண்டு, அதில் அதற்குப் போட்டியே கிடையாது: ஒருமுறை தவறவிட்டால் திரும்பக் கிடைக்காத பொருட்கள். ஃபால்அவுட் 3 (2008) கேமின் 20 பாபிள்ஹெட் பொம்மைகளில் ஒன்று ரேவன் ராக் தளத்தில் இருக்கிறது. கதைக்காக ஒரே ஒருமுறை உள்ளே போவோம், வெளியே வந்த பிறகு மறுபடி நுழைய முடியாது. எவ்வளவு கூர்மையான கண் இருந்தாலும் தப்பி ஓடும் அவசரத்தில் அது விட்டுப்போக வாய்ப்பு அதிகம். ஃபைனல் ஃபேன்டசி 12 (2006) இதைவிடக் கொடுமை. சோடியாக் ஸ்பியர் என்ற பலமான ஈட்டி உறுதியாகக் கிடைக்கும் பெட்டி ஒன்று உண்டு. ஆனால் அதற்கு முன்னால் வெவ்வேறு இடங்களில் இருக்கும் நான்கு சாதாரணப் பெட்டிகளில் எதையும் திறந்திருக்கக் கூடாது. ஒன்றைத் திறந்தாலும் அந்த வாய்ப்பு போயிற்று. எந்த நான்கு என்று கேம் மறந்தும் சொல்லாது. பெட்டியைக் கண்டால் திற என்று மணிக்கணக்கில் பழக்கிவிட்டு, அந்தப் பழக்கத்துக்கே தண்டனை கொடுப்பது என்ன நியாயம்? இதைத் தேடல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2017-இல் வந்த தி சோடியாக் ஏஜ் பதிப்பில் அந்த நிபந்தனையே இல்லை. அதனால் கைடைத் திறக்கும்போது எந்தப் பதிப்புக்கு எழுதியது என்பதையும் பாருங்கள், இல்லாவிட்டால் திறக்க வேண்டிய பெட்டிகளையும் பயந்து விட்டுவிட்டுப் போவீர்கள்.

என் பழக்கத்தைக் கேட்டால் இதுதான். புதுக் கேம் ஆரம்பிக்கும் முன்னால் ஒரே ஒரு விஷயத்தைத் தேடிப் பார்ப்பேன்: திரும்பக் கிடைக்காத பொருள் இதில் உண்டா? உண்டு என்றால், எந்த அத்தியாயத்துக்கு முன்னால் எடுக்க வேண்டும் என்பதை மட்டும் தாளில் குறித்துவிட்டு மூடிவிடுவேன். அப்புறம் கண்தான். ஒளித்த முறை பிடிபடுகிறது என்றால் கடைசிவரை கண்தான். எவ்வளவு பார்த்தாலும் முறை எதுவும் தெரியவில்லை என்றால், ஸ்கைரிம் கற்களுக்குச் செய்வதுபோல மேப்பைத் திறந்துவிடுவேன்.

பிரெத் ஆஃப் தி வைல்டின் அடுத்த பாகமான டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் (2023) விளையாடிக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. பாதாளத்தில் இருட்டைப் போக்கும் ஒளிவேர்களுக்கு வெளியிலிருந்து எந்த மேப்பும் தேவையில்லை. தரைப்பரப்பில் கோவில் எங்கே இருக்கிறதோ, அதற்கு நேர் கீழே ஓர் ஒளிவேர் இருக்கும். கோவிலின் பெயரைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படித்தால் வேரின் பெயர். கீழே போய் வேரைத் தொட்டிருக்கிறீர்கள், ஆனால் மேலே அதே இடத்தில் கோவில் எதுவும் தெரியவில்லை என்றால், அங்கே ஒரு குகையோ இன்னும் முடிக்காத குவெஸ்டோ காத்திருக்கலாம். இரண்டு அடுக்குகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு அந்த இடத்தை மேப்பில் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.