நுரைநீக்கி: பாலிகிளைக்காலா, சிலிக்கோனா?

எண்ணெய்க் கிணற்று சிமெண்ட் வேலையில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத சரக்கு, கலக்கும்போது நுரை பொங்காமல் தடுக்கும் நுரைநீக்கிதான். கலக்கும் நீரின் எடையில் பெரும்பாலும் 0.1 சதவீதம்கூட ஆகாது. ஆனால் அது காலை வாரிவிட்டால் மொத்தக் கணக்கும் தப்பிவிடும். பாலிகிளைக்கால், சிலிக்கோன் என்ற இரண்டு முக்கிய வகைகளையும் ஆய்வகத்திலும் களத்திலும் நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன்.

எண்ணெய்க் கிணறுகளுக்கான ஜி வகை சிமெண்டை, அதன் எடையில் 44 சதவீத நீரில் கலக்கினால் கூழின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.90 கிராம் வர வேண்டும். நுரையோடு 5 சதவீதம் காற்று புகுந்தாலே சாதாரணத் தராசு 1.80-ஐ ஒட்டிக் காட்டும். நீர்த்துவிட்டது என்று நினைத்து, கலப்பவர் சிமெண்டைக் கூட்டுவார். கிணற்றுக்குள் இறங்கியதும் அழுத்தத்தில் காற்று சுருங்கிவிடும். கூழ் திட்டமிட்டதைவிடக் கனத்திருக்கும். பாறை பலவீனமாக இருந்தால் பிளந்துகொள்ளும், கூழ் அதற்குள் போய்விடும். அதனால் நுரைநீக்கி எவ்வளவு நல்லதானாலும், கூழை அழுத்தி, உள்ளிருக்கும் காற்றைச் சுருக்கி எடை பார்க்கும் அழுத்தத் தராசில் நிறுத்துப் பார்க்காமல் நான் எந்த அளவையும் நம்புவதில்லை.

அன்றாட வேலைக்கு பாலிகிளைக்கால் போதும். விலை குறைவு. ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக அது நீரில் இறங்கியிருக்க வேண்டும். நுரை பொங்கிய பிறகு ஊற்றினால் பெரிய பலன் இராது. லிக்னோசல்ஃபோனேட், லேட்டெக்ஸ் போன்ற நுரைக்கும் பொருள்கள் சேரும் கலவைகளில் இந்த வரிசை இன்னும் முக்கியம்.

சிலிக்கோன் வகை பொங்கிய நுரையையும் அடக்கும். கலவைத் தொட்டியின் மேல் திரண்ட நுரையில் கொஞ்சம் விட்டால், விழுந்த இடத்தில் குழி விழுந்து, அது விரிந்துகொண்டே போய் நுரை அப்படியே அமர்ந்துவிடும். அந்த வேகத்துக்காகவே எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கேன் வைத்திருப்பேன். என் குறை அதன் சேமிப்பில்தான். நுண்ணிய சிலிக்கா கலந்த குழம்பு (நீரில் சிறு துளிகளாகச் சிதறிய எண்ணெய் போன்ற கலவை) என்பதால் வைத்த இடத்தில் நாளடைவில் பிரியும். உறைந்தால் குழம்பே முறிந்துவிடும். டிரம்மைக் கலக்காமல் மேலிருந்து எடுத்து ஊற்றிவிட்டு "சரக்கு சரியில்லை" என்று புலம்புகிறவர்கள் இங்கே ஏராளம்.

எடை குறைப்பதற்காக வேண்டுமென்றே நைட்ரஜன் செலுத்தும் நுரை சிமெண்ட் வேலை அடுத்து இருந்தால், நுரைநீக்கி போன தொட்டி, குழாய் எல்லாவற்றையும் நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். மிச்சம் மீதி ஒட்டியிருந்தாலும் அந்த நுரை நிற்காது.