எல்லையோரக் கடலில் ஓங்கில் பார்க்கும் வள்ளப் பயணம்

நீரோடியைத் தாண்டி, கேரள எல்லைக்கு அப்பால் பொழியூர்ப் பக்கம் மீனவக் குடும்பம் ஒன்று ஓங்கில்களை, அதாவது டால்பின்களைக் காட்ட விடியற்காலையில் நடத்தும் வள்ளப் பயணத்தை மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்தாருக்கு மனதாரப் பரிந்துரைக்கிறேன். ஒருவருக்கு 600 ரூபாய்; ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கடலில் இருக்கலாம். ஆனி, ஆடி மாதங்களில் அவர்கள் வள்ளம் இறக்குவதில்லை.

ஓங்கில்கள் கட்டாயம் தென்படும் என்று அவர்கள் வாக்குத் தருவதில்லை. நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், வள்ளக்காரர் அவற்றைத் துரத்துவதில்லை என்பதே. மீன் கூட்டத்தின் மேல் பறவைகள் வட்டமிடுவதைக் கண்டதும் வெகு தொலைவிலேயே வேகத்தைக் குறைத்து, பிறகு எஞ்சினையும் அணைத்துவிடுகிறார். கூட்டம் போகும் வழியில் குறுக்கே சென்று மறிப்பதில்லை. "அதுகளுக்கு வரணும்னு தோணுனா வரும் சார்" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார். அன்று சில ஓங்கில்கள் தாமாகவே நெருங்கி வந்தன. தாயின் விலாவை ஒட்டியே நீந்திய குட்டி ஒன்று, தாய் மூச்சுவிட எழும்போதெல்லாம் தானும் எழுந்து, புஸ்ஸென்று சிறு நீர்த்தூறலை விட்டு மறைந்தது.

இந்தப் பொறுமைக்கு அறிவியல் அடிப்படையும் உண்டு. நம் கடலிலும் காணப்படும் சுழல் ஓங்கில்கள் பெரும்பாலும் இரவில் இரைதேடிப் பகலில் ஓய்வெடுப்பவை. அந்த ஓய்வைப் படகுகள் கெடுத்துவிடுகின்றன என்பதால்தான் ஹவாய் தீவுகளில் அவற்றை ஏறத்தாழ 45 மீட்டருக்குள் நெருங்குவதை 2021 இல் அமெரிக்க அரசு தடைசெய்தது. மூளையின் ஒரு பாதி உறங்க, மறு பாதி விழித்திருந்து மூச்சையும் சுற்றுப்புறத்தையும் கவனித்துக்கொள்ளும் உயிரினத்துக்கு, விரட்டிவரும் எஞ்சின் சத்தம் சிறு தொந்தரவு அல்ல.

வள்ளக்காரர் துடுப்பின் அலகை நீரில் அமிழ்த்தி, அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்கச் சொன்னார். மெல்லிய சீழ்க்கைகள் கேட்டன. இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். புட்டிமூக்கு ஓங்கில்கள் ஒவ்வொன்றும் குட்டிப்பருவத்திலேயே தனக்கென ஒரு சீழ்க்கையை உருவாக்கிக்கொள்கின்றன. ஸ்காட்லாந்துக் கடலில் ஆய்வாளர்கள் அச்சீழ்க்கைகளைப் போலி செய்து ஒலிக்கவிட்டபோது, தத்தம் சீழ்க்கையைக் கேட்டவை மறுமொழி தந்ததை 2013 இல் வெளியிட்டார்கள். நியூயார்க் காட்சியகத்தில் இரண்டு ஓங்கில்கள், உடலில் இட்ட குறியைக் கண்ணாடியில் பார்த்துத் தம்மையே அடையாளங்கண்டது 2001 இல் வெளியான செய்தி. இத்தகைய உயிர்களைக் குளத்தில் அடைத்து வித்தை காட்டுவதற்கு இந்திய அரசு 2013 மே மாதம் அனுமதி மறுத்தது மிகச் சரியான முடிவு. அவற்றைக் காண விரும்புவோர் இப்படிக் கடலுக்கே போவதுதான் முறை.

கரை திரும்பும்போது பேச்சு தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரை ஊரான மணப்பாட்டுக்குப் போயிற்று. 1973 ஜனவரியில் ஏறத்தாழ 150 திமிங்கிலங்களும், 2016 ஜனவரியில் 80க்கும் மேற்பட்டவையும் அந்தப் பகுதியில் கரையொதுங்கின. பைலட் திமிங்கிலங்கள் எனப்படும் இவை உறவுக் கூட்டமாக வாழ்பவை. 2016 இல் மீனவர்கள் கடலுக்குள் இழுத்துவிட்டவற்றுள் பல மீண்டும் கரைக்கே திரும்பின. இவற்றை வள்ளக்காரர் சொல்லச் சொல்லப் பயணிகள் அனைவரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

குறைகளும் உண்டு. அங்கே காணக்கூடிய இனங்களின் படங்களை ஓர் அட்டையில் ஒட்டிவைத்தால் பிள்ளைகளுக்கு உதவும். நாங்கள் இருந்தபோது வேறொரு படகு கூட்டத்தை நோக்கி விரைந்து வந்ததும் ஓங்கில்கள் மூழ்கி மறைந்தன. அதற்கு இவர்கள் பொறுப்பல்ல என்றாலும், அப்பகுதிப் படகுக்காரர்கள் கூடிப் பேசி இடைவெளி குறித்து ஓர் ஒழுங்கை ஏற்படுத்திக்கொள்வது அவசியம். சிறுவர்களுக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட்டுகள் போதிய அளவில் இல்லை. ஆகவே பிள்ளைகளோடு செல்பவர்கள் முதல் நாளே அதைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு புறப்படவும்.