"பிரேசில் ரோஸ்வுட்" என்று சொல்லி 1,38,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: பழைய கிட்டார் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

1,38,000 ரூபாய். ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மூன்று வாரம் முன்பு நான் எண்ணிக் கொடுத்த பணம். அது என்ன மரம் என்பது போன சனிக்கிழமைதான் தெரிந்தது. இன்னும் கோபம் அடங்கவில்லை, அதனால் கொஞ்சம் முன்னே பின்னே எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

கடையின் பெயரை எழுதவில்லை. சென்னையில் பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்கும் கடை, அவ்வளவு போதும். நான் பதினாறு வருடமாக சர்ச் கொயரில் வாசிக்கிறேன். கையில் இருந்ததெல்லாம் பன்னிரண்டாயிரம் ரூபாய் கிட்டார்தான். இந்த வருடம் சீட்டு எடுத்தோம். "எத்தனை வருஷமா சொல்லிட்டே இருக்கீங்க, இந்தத் தடவை வாங்கிடுங்க" என்று என் மனைவிதான் சொன்னாள். அவள் முகத்தைப் பார்க்கத்தான் இப்போது கஷ்டமாக இருக்கிறது.

கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். நான் போனதும் டீ வரவழைத்தார். சுவரில் இருந்த எதையும் காட்டாமல் உள்ளே போய் ஒரு பழைய பெட்டியைக் கொண்டுவந்து, துணியை விலக்கி, "இது வெளியில வைக்கிற பீஸ் இல்ல தம்பி" என்றார். சன்பர்ஸ்ட் நிறம், நடுவில் தேன் மாதிரி, ஓரத்தில் கறுப்பு. 1982இல் ஜப்பானில் செய்தது, பாடி ஸ்வாம்ப் ஆஷ் மரம், ஃப்ரெட்போர்டு, அதாவது விரல் வைத்து அழுத்தும் பலகை, பிரேசில் ரோஸ்வுட் மரம், போன வருடம் நேரடியாக ஜப்பானிலிருந்து வரவழைத்தது என்றார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வாசிக்கச் சொன்னார். தொந்தரவே செய்யவில்லை. நல்ல வால்வ் ஆம்ப். சத்தம் நன்றாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

நான் முழுசாக விழுந்த இடம் எது என்று திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். வாசித்து முடித்ததும் அவர் கிட்டாரை வாங்கி, அதன் நீண்ட கழுத்தை, நெக்கை, என் முகத்துக்கு நேராக நீட்டி, "மோந்து பாருங்க தம்பி" என்றார். முகர்ந்தேன். இனிப்பாக, லேசாகப் பூ வாசம். "இந்த வாசம் வேற எந்த மரத்துக்கும் வராது. ரோஸ்வுட்னு பேரு வந்ததே இதனாலதான்." கூடலூரில் என் அம்மா வழித் தாத்தா வீட்டில் ஈட்டி மரக் கட்டில் ஒன்று உண்டு. ஈட்டி என்பதும் ரோஸ்வுட்தான், நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரம். சின்ன வயதில் அதில்தான் படுத்து வளர்ந்தேன். அந்த ஒரு நொடியில் தாத்தா வீடு ஞாபகம் வந்துவிட்டது. பேரம் பேசக்கூடத் தோன்றவில்லை.

யுபிஐயில் ஒரு லட்சம் போனது. அதற்கு மேல் அன்றைக்குப் போகாது என்பதால் 38,000 ரொக்கம், ஏடிஎம்முக்கு இரண்டு நடை நடந்து எடுத்துக் கொடுத்தேன். பில்லை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். "பழைய கிட்டார் 1, ரூ. 1,00,000." மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வருடம் இல்லை. ரொக்கமாகக் கொடுத்த 38,000 அதில் இல்லவே இல்லை.

ஃப்ரெட் என்பது ஃப்ரெட்போர்டின் குறுக்கே பதித்த உலோகக் கோடு. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி இரைச்சல் கேட்டது. அதைச் சரிசெய்யத்தான் எனக்குப் பல வருடமாகத் தெரிந்த ரிப்பேர் அண்ணனிடம் எடுத்துப் போனேன். அவர் கம்பிகளைக் கழற்றி, லைட்டர் திரவத்தில் வெள்ளைத் துணியை நனைத்து ஃப்ரெட்போர்டைத் துடைத்தார். துணியைத் திருப்பிப் பார்த்தார். கறுப்பு. அழுக்கின் கறுப்பு இல்லை, மை மாதிரி நீலம் கலந்த கறுப்பு. இன்னொரு தடவை துடைத்தார். துடைத்த இடத்தில் மரம் வெளிறி, டீத்தூள் சக்கை நிறத்தில் வந்தது.

"தம்பி, கொஞ்சம் உட்காருங்க" என்றார். அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கிட்டார் முகப்பை மூடும் தகட்டின், பிக்கார்டின், பதினோரு ஸ்க்ரூவையும் கழற்றினார். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் உட்காரும் குழி முழுக்கப் புதுக் கறுப்பு பெயின்ட். நாற்பது வருடப் பழைய கிட்டாருக்குள் பெயின்ட் வாசம் இன்னும் போகவில்லை. கத்தி முனையால் ஓர் ஓரத்தில் சுரண்டினார். அப்புறம் நெக்கையும் கழற்றி, அது உட்காரும் பள்ளத்தின் சுவரைச் சுரண்டினார். அலமாரிப் பலகையை ஓரத்தில் பார்த்தால் தெரியுமே, அதே கோடுகள். நான் எண்ணினேன். ஏழு. ப்ளைவுட். அதன் முன்னாலும் பின்னாலும் ஆஷ் மரத்தின் ரேகை தெரிய மெல்லிசாக ஒரு வெனீர் ஒட்டியிருக்கிறது. சன்பர்ஸ்டில் ஓரம் கறுப்பாக இருக்குமே, ஒட்டின இடம் அந்தக் கறுப்பில் மறைந்துவிட்டது. நெக் ஒரு கிட்டாரிலிருந்து, பாடி வேறு ஒன்றிலிருந்து. "ஒட்டுக்கன்னு தம்பி இது. எனக்குக் கொடுத்தா பதினஞ்சு கூடத் தர மாட்டேன்" என்றார். வாசத்தைப் பற்றிக் கேட்டேன். "ரோஸ்வுட் இழைக்கும்போதுதான் மணக்கும். நாப்பது வருஷம் விரல் பட்ட போர்டு எதுக்கு மணக்கணும்? வாசனை எண்ணெய் தடவியிருக்கான்." இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். தாத்தாவின் கட்டில் மணந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

அன்று சாயங்காலமே கடைக்கு போன் செய்தேன். "அப்படி இருக்காதே தம்பி, போட்டோ அனுப்புங்க" என்றார். பதினான்கு போட்டோ அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. ஞாயிறு போன் எடுக்கவில்லை. திங்கள் ஒரு பையன் எடுத்து, "ஓனர் ஊர்ல இல்ல சார், புதன் வருவார்" என்றான். புதன் நேரில் போனேன். ஓனர் உள்ளேதான் இருந்தார். வாங்கும் வரை "தம்பி", அன்றைக்கு "சார்". "நீங்க வெளியில கொடுத்துக் கழட்டியிருக்கீங்க சார். அங்க பாடியை மாத்தியிருந்தா நான் என்ன பண்றது?" என்றார். பதினாறு வருடமாக என் கிட்டாரைத் தொட்ட மனிதரைத் திருடன் என்கிறார்! சத்தம் போட்டேன். உடனே குரலை இறக்கி, "ரெண்டு மணி நேரம் வாசிச்சுட்டுத்தானே எடுத்தீங்க? சவுண்டு நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார். அப்புறம், "சரி, எக்ஸ்சேஞ்ச் போட்டுக்கறேன், நாப்பதுக்கு எடுத்துக்கறேன், மேல காசு போட்டு வேற பீஸ் பாருங்க." 1,38,000 கொடுத்தவனிடம் நாற்பது.

சத்தம் நன்றாக இருந்ததே என்ற அந்தப் பேச்சில்தான் மொத்த ஏமாற்றும் இருக்கிறது. தஞ்சாவூர் வீணையில் பலா மரக் குடம் இல்லாமல் நாதம் இல்லை. எலெக்ட்ரிக் கிட்டார் அப்படி இல்லை. இரும்புக் கம்பி காந்தத்துக்கு மேல் அதிர்கிறது, சுற்றியிருக்கும் செப்புச் சுருளில் மின்சாரம் எழுகிறது, அதுதான் ஆம்புக்குப் போகிறது. என்ன பிக்கப், கம்பியிலிருந்து எவ்வளவு தூரம், வால்யூம் பொத்தானின் மின்தடை 250 கிலோ ஓமா 500 கிலோ ஓமா, என்ன ஸ்பீக்கர், இவை மாறினால் யார் காதுக்கும் தெரியும். மரம் கம்பியின் அதிர்வைக் கொஞ்சம் தின்னும், கொஞ்சம் தாங்கும், கையில் பிடித்தால் அது நெஞ்சில் படும். ஆனால் ஆம்புக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டு இது ஆஷ், இது ஆல்டர், இது ப்ளைவுட் என்று சொல்ல என் காதால் முடியாது. முடியவும் இல்லை. நல்ல பிக்கப்பும் நல்ல ஆம்பும் வைத்துவிட்டால் ப்ளைவுட்டும் பாடும். அவருக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் இரண்டு மணி நேரம் தாராளமாக வாசிக்க விட்டார்.

மரத்துக்கு விலை ஏறுவது சத்தத்தால் இல்லை, கிடைக்காததால். அமெரிக்கக் கம்பெனி கிப்சன் 1958 முதல் 1960 வரை செய்த சன்பர்ஸ்ட் லெஸ் பால் கிட்டார்களில் மஹாகனி பாடி, மேலே மேப்பிள், பிரேசில் ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டு. அன்றைக்குச் சரியாக விற்காமல் நிறுத்தினார்கள், இன்றைக்கு வீடு வாங்கும் விலை. 1958, 1959இல் கொரினா மரத்தில் வந்த ஃபிளையிங் வி கிட்டார் சுமார் நூறுதான் வெளியே போனது. பின்னால் அதே கொரினாவில் எத்தனையோ செய்தார்கள், அவற்றுக்கு அந்த விலை இல்லை. இன்னொரு அமெரிக்கக் கம்பெனி ஃபெண்டர் 1956இல் ஆஷை விட்டுப் பெரும்பாலும் ஆல்டருக்கு மாறியது, கிடைப்பதும் பெயின்ட் அடிப்பதும் சுலபம் என்பதால். 1960களின் நடுவில் அதே கம்பெனி பிரேசில் ரோஸ்வுட்டையும் விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு, தாத்தா கட்டிலின் ஈட்டிக்கு, மாறிவிட்டது. அமெரிக்காவிலேயே அந்த நிலை என்றால் 1982இல் ஜப்பானில் செய்த கிட்டாரில் பிரேசில் மரம் எப்படி வந்தது? இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. தெரிந்தும் அன்றைக்குக் கேட்கவில்லை.

இன்னொன்றும் கேட்டிருக்க வேண்டும். பிரேசில் ரோஸ்வுட் 1992இலிருந்து சைட்டிஸ் ஒப்பந்தத்தின், அதாவது அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின், முதல் பட்டியலில் இருக்கிறது. அந்த மரம் உள்ள கிட்டார் நாடு விட்டு நாடு வர அனுமதிக் காகிதம் வேண்டும். போன வருடம் ஜப்பானிலிருந்து வந்தது என்றால் அந்தக் காகிதம் எங்கே? புதன்கிழமை கேட்டேன். "அதெல்லாம் ஏஜென்ட் பார்த்துக்குவாங்க சார்" என்றார்.

சோதிப்பது பற்றி விரிவாக எழுத நினைத்தேன், மனசு ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரத்துக்காகக் காசு கொடுக்கிறீர்கள் என்றால் கடையிலேயே பிக்கார்டையும் நெக்கையும் கழற்றச் சொல்லுங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். குழிக்குள் புதுப் பெயின்ட் இருந்தால் வேண்டாம். வெள்ளைத் துணி ஒன்று கையோடு கொண்டுபோய் ஃப்ரெட்போர்டைத் துடையுங்கள். பில்லில் மரத்தின் பெயர், வருடம், கொடுத்த முழுத் தொகை மூன்றும் எழுதி வாங்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், ரொக்கம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வாசத்தை நம்பாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். நாளைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போகிறது. ரிப்பேர் அண்ணன் அந்தக் கறுப்புத் துணியை ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இன்று இரவே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. எட்டு மணிக்கு அந்தக் கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்தேன். இன்னொரு சன்பர்ஸ்ட், "பிரேசிலியன் ரோஸ்வுட், ரேர் பீஸ், 1,55,000". உங்களில் யாராவது அதற்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால், மீதியைக் கொடுக்கும் முன் அந்தப் பதினோரு ஸ்க்ரூவைக் கழற்றச் சொல்லுங்கள்.