ருக்மிணி தேவி விட்டுச்சென்ற தறி: கலாக்ஷேத்ரா பட்டுச்சேலை

சென்னையில் கலாக்ஷேத்ரா கலைப்பள்ளியை நிறுவி, 1986 பிப்ரவரியில் மறைந்த ருக்மிணி தேவியை நடனத்துக்காக மட்டும் நினைப்பது போதாது. 1937-இல் அங்கே அவர் தொடங்கிய நெசவுப் பிரிவின் சேலையைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

கோர்வைக் கரைதான் இதன் உயிர். சேலையின் உடலுக்கு ஒரு நாடா (குறுக்கு இழையை ஓட்டும் தறிக் கருவி), கரைகளுக்கு இரண்டு. உடல் இழையும் கரை இழையும் ஒன்றையொன்று கொக்கிபோல் பிணைந்துகொண்டே போகும். வாங்குமுன் அந்த இணைப்பை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இழுப்பு கூடினால் சுருக்கம் விழும், தளர்ந்தால் இடைவெளி தெரியும். நல்ல நெசவில் பல்பல்லாக, சீராக நிற்கும். மயில்கண், ருத்ராட்ச வடிவங்கள் போட்ட அகலக் கரையை மேடையில் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். ருக்மிணி தேவியின் ரசனை அது!

விலை அதிகம்தான், ஆனால் தகும். சரிகையில் சென்ட் பட்டால் கறுக்கும். பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்; அவ்வப்போது மடிப்பை மாற்றாவிட்டால் மடித்த இடத்திலேயே பட்டு இற்றுப்போகும்.