பழைய காரின் உள்பக்க பிளாஸ்டிக் விரிசல்: எந்த ஒட்டு வருஷக்கணக்கில் நிற்கிறது?

மாருதி 800, ஜென், பழைய சான்ட்ரோ வைத்திருப்பவர்களுக்கு டோர் பேட், கிளவ் பாக்ஸ், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் மூடி எல்லாம் ஒவ்வொன்றாக விரிசல் விடுவது பழகிப்போன தலைவலி. மாருதி 800 தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் தேடிப் பிடித்தாலும், அதே அளவு வயதாகி வெயிலில் காய்ந்த பாகம்தான் பெரும்பாலும் கையில் கிடைக்கும். அதனால் இருப்பதைச் சரிசெய்வதே நல்லது. ஆனால் ஒட்டு வாங்குவதற்கு முன்னால், அது என்ன பிளாஸ்டிக் என்று தெரிந்தாக வேண்டும். பெரும்பாலான ரிப்பேர்கள் சில மாதத்தில் விட்டுப்போவது இதைப் பார்க்காததால்தான்.

பாகத்தைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். ஏபிஎஸ் (ABS) என்றோ பிபி (PP, அதாவது பாலிப்ரொப்பிலீன்) என்றோ பிளாஸ்டிக்கின் வகை அச்சிட்டிருக்கலாம். எதுவும் இல்லாவிட்டால், கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு அசிட்டோன் வையுங்கள். ஏபிஎஸ் என்றால் அரை நிமிடத்தில் அந்த இடம் பிசுபிசுக்கும். பிபி-க்கு ஒன்றுமே ஆகாது. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதை நம்ப வேண்டாம். சாதாரண பிபி மிதக்கும். டால்க் தூள் கலந்த பிபி-டி20 ஏபிஎஸ் போலவே மூழ்கிவிடும்.

பெவிக்விக் வகை ஒட்டு உடனே பிடிக்கும். ஆனால் காய்ந்தபின் கண்ணாடி போல விறைத்துக்கொள்வதால், கதவை நாலு தடவை அறைந்து சாத்தினால் அதே கோட்டில் மறுபடி விரியும். சுற்றிலும் வெள்ளைப் பூச்சு வேறு படியும். க்ளூ கன் ஒட்டு, வெயிலில் நிறுத்திய காருக்குள் இளகிவிடும். அரால்டைட், சுரண்டிச் சொரசொரப்பாக்கிய ஏபிஎஸ்-ல் நன்றாக நிற்கும்; பிபி-ல் அப்படியே தகடாக உரிந்து வரும்.

ஏபிஎஸ்-க்கு என் முதல் தேர்வு ஏபிஎஸ் குழம்பு. ஒன்றுக்கும் உதவாத ஏபிஎஸ் பாகத்தைச் சின்னச் சில்லுகளாக நறுக்கி, கண்ணாடி பாட்டிலில் போட்டு, மூழ்கும் அளவுக்கு அசிட்டோன் ஊற்றி இறுக மூடி ஓர் இரவு வையுங்கள். தேன் பதத்துக்கு வரவேண்டும். நெயில் பாலிஷ் ரிமூவரில் எண்ணெய் சேர்த்திருப்பார்கள், அது ஆகாது. முதலில் விரிசலின் இரண்டு நுனியிலும் 2 மி.மீ. துளை போடுங்கள். துளை இல்லாவிட்டால் விரிசல் ஒட்டிய இடத்தைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும். பின்பக்கம் விரிசல் நெடுக 'வி' வடிவில் பாதி ஆழத்துக்குச் செதுக்கி, 120 நம்பர் உப்புத்தாள் தேய்த்து, குழம்பை மெல்லிய பூச்சாக மூன்று நான்கு தடவை கொடுங்கள். ஒரேயடியாகக் கனமாகப் பூசினால் உள்ளே குமிழி தங்கும். மெல்லிய தகடு இளகி வளைந்தும் போகும். கடைசிப் பூச்சுக்குப்பின் இரண்டு நாள் தொடாதீர்கள். தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும் உள்ளே அசிட்டோன் இருக்கும்.

பிபி-க்குச் சூடுதான் வழி. ஜன்னலுக்கு அடிக்கும் எவர்சில்வர் கொசுவலையில் ஒன்றரை செ.மீ. அகலப் பட்டை வெட்டி, பின்பக்கம் விரிசல் மேல் வைத்து, 25 வாட் சால்டரிங் அயர்னின் தட்டை முனையால் அழுத்துங்கள். வலைக் கண்கள் வழியாக உருகிய பிளாஸ்டிக் மேலே பொங்கி வரும்போது அயர்னை நகர்த்திவிடுங்கள். புகை வந்தால் பிளாஸ்டிக் கருகுகிறது, அந்த இடத்தில் பலம் இருக்காது. வலைக்கு மேல் அதே பாகத்தின் உடைந்த துண்டையே உருக்கி மூடுங்கள். கேபிள் டையை உருக்கச் சொல்பவர்கள் உண்டு. அது நைலான், பிபி-யோடும் ஏபிஎஸ்-ஸோடும் சேராது. இந்த வேலையைக் காற்றோட்டமான வெளியிடத்தில் செய்யுங்கள்.

எந்த முறையானாலும், டேஷ்போர்டு பாலிஷ் போட்ட காரென்றால் முதலில் சோப்புத் தண்ணீரிலும் பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலிலும் துடைத்தாக வேண்டும். பாலிஷில் இருக்கும் சிலிகான் மிச்சமிருந்தால் ஒட்டும் பிடிக்காது, பெயின்டும் பிடிக்காது. மீட்டர் கண்ணாடிப் பக்கம் அசிட்டோன் துணியைக் கொண்டுபோகாதீர்கள்; பனி மூடியது போல மங்கிவிடும்.

ஸ்க்ரூ இறங்கும் குழல்கள் பிளந்திருந்தால் சும்மா ஒட்டி விடுவதில் பலனில்லை. மெல்லிய செம்புக் கம்பியை நாலைந்து சுற்று இறுக்கிச் சுற்றி, அதன் மேல் குழம்பு பூசுங்கள் (பிபி-யானால் கம்பியைச் சூட்டில் அமுக்குங்கள்). திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்பினால் பழைய மரையில் 'டக்'கென்று விழும். அதன்பிறகு கையால் முடுக்குங்கள், பேட்டரி ட்ரில் வேண்டாம். அந்தக் குழல்கள் பிளப்பதே பெரும்பாலும் ஒவ்வொரு தடவையும் புது மரை வெட்டி அளவுக்கு மேல் இறுக்குவதால்தான்.

ஏர்பேக் மூடியில் விரிசல் என்றால் எந்த ஒட்டும் வேண்டாம். அது குறிப்பிட்ட கோட்டில் கிழிந்து திறக்கும்படி செய்தது, மாற்றித்தான் ஆக வேண்டும். டோர் பேட் கிளிப்புகளையும் ஒட்டி நேரத்தை வீணாக்காமல், பேடைக் கழற்றும்போதே புது செட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.